சும்மா இருந்தால் சாகும் பலகை

இந்த நோட்டைக் கண்டெடுப்பவர்களுக்கு: நான் உலகம்மாள், ஊர் கடையநல்லூர், நிலவின் தென்முனை நிலையத்தின் மின்பொறியாளர். கணினியை நம்ப முடியாததால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நாள் 391. காலை 08:40

வெளி வெப்பம் கழித்தல் 160. மூச்சுக்காற்று எந்திரம் சீர். ஆட்கள் இருவர்: நானும் பனிக்கட்டி ஆய்வாளர் சாமுவேல் தங்கதுரையும்.

முதன்மைக் கணினி மூன்று நாளில் இரண்டு முறை தானாக அணைந்துவிட்டது. முன்னறிவிப்பு இல்லை, பிழைச்செய்தி இல்லை. பொட்டென்று போகிறது. மறுபடி எழுந்து வர நாற்பது நிமிடம். மூச்சுக்காற்றுக்குத் தனி எந்திரம் இருப்பதால் பிழைத்தோம்.

மூன்று நாள் முன்புதான் ஆயுத பூஜை. தலைமையக இயக்குநர் ரத்தினசபாபதி நேரலையில் நின்று பூஜை நடத்தினார். நாங்கள் துளையிடும் கருவி, ஸ்பேனர் எல்லாம் கழுவி அடுக்கினோம். கணினிப் பெட்டியின் மூடியில் சாமுவேல்தான் சந்தனம், குங்குமம் வைத்தார். நாசரேத்துக்காரர், ஞாயிறு தவறாமல் வேதம் வாசிப்பவர். "எங்க வொர்க்‌ஷாப்ல நான்தான் வருசா வருசம் பொட்டு வைப்பேன், உனக்கென்ன?" என்று என்னை விரட்டினார்.

நாள் 393. மாலை 16:15

கேபிள்களைக் கழற்றி மாட்டினேன். ரேம் மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். ஃபேன் ஓடுகிறது, சூடு இல்லை. ஆறு மணி நேரம் முழுச் சுமை கொடுத்து வாட்டினேன். கல் மாதிரி நின்றது. வேலையை நிறுத்திவிட்டு டீ போடப் போனேன். அணைந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை ஓர் உதை விட்டேன்.

நாள் 396. மதியம் 14:50

சாமுவேல் இறந்துவிட்டார்.

எழுதித்தான் ஆக வேண்டும். ஆறு மணி நேரம் வெளியே பனிக்கட்டி அளந்துவிட்டு 13:32க்குக் காற்றறைக்குள் வந்தார். வெளிக்கதவு பூட்டியது. அந்தச் சின்ன அறையில் காற்று நிரம்ப எட்டு நிமிடம் ஆகும், நிரம்பினால்தான் உள்கதவு அசையும். வால்வைத் திறப்பது கணினி. அவர் உடையில் இருபத்தைந்து நிமிடக் காற்று மிச்சம். தாராளம்.

காற்றறை இயங்கும்போது மற்ற எல்லா வேலைகளையும் நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்தினேன். நான்காவது நிமிடம் கணினி அணைந்தது. வால்வு மூடிக்கொண்டது, அதுவரை நிரம்பிய காற்றும் வெளியேறிவிட்டது.

எழுப்பினேன். நாற்பது நிமிடம். அவரிடம் இருந்தது இருபத்தொன்று. உள்கதவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கம்பியால் நெம்பினேன், சுத்தியலால் அடித்தேன். என் விரல் நகம் பெயர்ந்ததை அவர்தான் பார்த்தார்.

அவரது கடைசி ஒலிபரப்பு: "உலகு, கைய விடு, ரத்தம் வருது பாரு. ரெபேக்காள்ட்ட நான் பயப்படலன்னு சொல்லு."

பயந்தார். நான் பார்த்தேன்.

நாள் 401. காலை 10:05

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. ஐந்தே நாளில்! இயக்குநர் கையெழுத்து. "பணியாளர் சாமுவேல் தங்கதுரை பூசிய குங்குமத்தூள் மதர்போர்டுக்குள் விழுந்ததால் மின்கசிவு. அவரது கவனக்குறைவே காரணம்."

பெட்டியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டுத்தூள் கிடையாது. படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை.

அவர் மனைவி ரெபேக்காளின் குரல்செய்தி: "உலகம்மா, ஊரெல்லாம் அவரு கையாலயே அவரு செத்தாருன்னு பேசுதாங்க. சபையில ஒருத்தர் முகத்த நான் பாக்க முடியல. நீயாவது சொல்லு, அவரு கையாலயா செத்தாரு?"

இல்லை அக்கா. யார் கையால் என்று கண்டுபிடிக்காமல் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

நாள் 409. மதியம் 12:30

அணைந்த பதினேழு முறையையும் நேரத்தோடு எழுதிப் பார்த்தேன். நான் சாப்பிடும்போது. உடற்பயிற்சி செய்யும்போது. காற்றறைக்காக வேலைகளை நிறுத்தும்போது. மடச்சி, மடச்சி! வேலை செய்யும்போது இது ஒரு தடவைகூட அணையவில்லை. சும்மா இருக்கும்போதுதான் அணைகிறது.

வேலையை நிறுத்தி நிறுத்திச் சோதித்தேன். குறைந்தது மூன்று நிமிடத்தில், அதிகபட்சம் பதினொன்றில் அணைகிறது.

சாமுவேல் பாதியில் விட்ட பனிக்கட்டி வரைபடக் கணக்கை ஓயாமல் ஓட விட்டிருக்கிறேன். அது ஓடும்வரை கணினி சாகாது.

அப்படியென்றால் அன்று எல்லா வேலையையும் நிறுத்தி, கணினியைச் சும்மா உட்கார வைத்தது நான். அவருக்காக. விதிப்படி.

நாள் 411. காலை 09:20

தலைமையகத்தில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆள் நசீமா. மதர்போர்டின், அதாவது தாய்ப்பலகையின், செட்டிங் கோப்பு, நிலையம் தொடங்கிய நாளில் இருந்ததையும் இன்று இருப்பதையும் ஒப்பிட்டு அனுப்பினாள்.

நசீமா: "அக்கா, நானூறு வரியில ஒரே ஒரு வரிதான் மாறியிருக்கு. ஓய்வு மின்னோட்டம். 'இயல்பு'ன்னு இருந்தது 'மிகக் குறைவு'ன்னு ஆயிருக்கு. யாரு மாத்துனாங்கன்னு எனக்குக் காட்டல. அது உங்க பலகையோட நினைவுலதான் இருக்கும்."

எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த செட்டிங்கில், பிராசஸர் சும்மா இருந்தால் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். எதிர்ப்பக்கம் யாருமே இல்லை, கம்பி அறுந்துவிட்டது என்று பவர் சப்ளை முடிவுகட்டித் தன்னை அணைத்துக்கொள்கிறது. பழுது எதிலும் இல்லை. ஒரு வரி.

பலகையின் நினைவைத் தோண்டினேன். மாற்றிய நாள்: 388, ஆயுத பூஜை. மாற்றிய நுழைவுச் சாவி: இயக்குநர்.

அன்று கருவிகள் ஓய்வெடுக்க வேண்டும். கணினியை அணைக்க முடியாது. ஆனாலும் மின்மானியின் முள் அடியில் படுத்துக்கிடப்பதை நேரலையில் காட்டி, "நிலவிலும் எந்திரத்துக்கு ஓய்வு கொடுத்தோம்" என்று அவர் பேசியது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் விஜயதசமி, கருவியைத் திரும்பக் கையில் எடுக்கிற நாள். செட்டிங்கைத் திரும்ப மாற்றவில்லை.

அடப்பாவி. ஒரு முள் படுத்துக்கிடக்கிற அழகுக்காகவா?

நாள் 412. காலை 11:00

கண்டதை எல்லாம் அவருக்கே எழுதி, செட்டிங்கை மாற்ற அனுமதி கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில்.

இயக்குநர்: "உலகம்மாள், விசாரணை முடிஞ்ச பலகை அது. எந்த செட்டிங்கையும் தொடக்கூடாது. விதிமுறையில ஒரு எழுத்தும் மீறக்கூடாது. இது எழுத்துபூர்வ உத்தரவு. நிலையத்தோட ஆண்டு விழாவுக்கு நானே வந்து புதுப் பலகை மாட்டிட்டு, பழசை எடுத்துட்டுப் போறேன். உங்களையும் கூட்டிட்டுப் போறேன்."

பழசை எடுத்துக்கொண்டு போவாராம். அவர் சாவியின் தடம் இருக்கும் ஒரே இடம் அது. ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பதினாறு நாள் என்னை இதன்மேல் உட்கார வைத்திருக்கிறார்.

உத்தரவை அச்செடுத்து, காற்றறைக்குள்ளிருந்து படிக்கும்படி கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினேன். தொட மாட்டேன் சார். ஒரு எழுத்தும் மீற மாட்டேன்.

நாள் 431. காலை 10:30

தானியங்கிக் கலம் இறங்கியது. இயக்குநர் தனியாக வந்திருக்கிறார். விருந்தினர் உடை, நூறு நிமிடக் காற்று. நேரலை ஓடுகிறது. அவர் உடையின் ரேடியோ செயற்கைக்கோள் வழியாக நேரே பூமிக்குப் போகிறது. அதற்கு என் கணினி தேவையில்லை. ரெபேக்காளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

10:52

கொடியருகே படம். கலத்தருகே படம். மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன், பதிவில் இருக்கிறது. "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா" என்கிறார்.

11:10

காற்றறைக்குள் வந்தார். வெளிக்கதவு பூட்டியது. காற்று அறுபது நிமிடம். வால்வு திறந்தது.

விதிப்படி மற்ற வேலைகளை நிறுத்தினேன். சாமுவேலின் கணக்கையும்.

11:14

அணைந்தது. அதே நான்காவது நிமிடம். நான் ஏற்பாடு செய்யவில்லை, சத்தியமாக.

11:15

எழுப்பும் பொத்தானை அழுத்தினேன். 11:55க்கு எழும். எழுந்ததும் வால்வு தானாகத் திறக்கும்.

இயக்குநர்: "என்னாச்சும்மா? லைட்டு போயிருச்சு."

நான்: "குங்குமம் விழுந்திருக்கும் சார்."

11:31

கதவைக் குத்துகிறார். சத்தம் கேட்கவில்லை, கண்ணாடி அதிர்கிறது. சாமுவேலின் கை பட்ட அதே இடம்.

இயக்குநர்: "விளையாடாத உலகம்மா. என்ன வேணும் உனக்கு?"

நான்: "ஆயுத பூஜை அன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க சார். ஊரே கேக்குது."

11:44

சொல்லிவிட்டார். அப்படியே எழுதுகிறேன்.

"நான்தான் மாத்துனேன். மறுநாள் திரும்ப மாத்தணும்னு இருந்தேன், பாராட்டு விழா, அது இதுன்னு மறந்துட்டேன். அவரு செத்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திரும்ப மாத்துனா என் சாவி காட்டிக்கொடுக்கும்னு விட்டுட்டேன். சாமுவேல் மேல தப்பில்ல. போதுமா? சொல்லிட்டேன்ல, தொற!"

நான்: "கணினி எழுந்தா தானா தொறக்கும் சார். நான் எதையும் தொடக்கூடாது. உங்க உத்தரவு கண்ணாடியிலயே ஒட்டியிருக்கு, படிங்க."

படித்தார். உதடு அசைந்தது.

11:55

எழுந்துவிட்டது. வால்வு திறந்தது. 12:03க்கு நிரம்பும். அவருக்கு 12:10 வரை காற்று இருக்கிறது. கணினி எட்டு நிமிடம் விழித்திருந்தால் போதும். சாமுவேலின் கணக்கை ஓட விட்டால் கட்டாயம் விழித்திருக்கும். ஒரே ஒரு பொத்தான். விரல் அதன்மேல்தான் இருக்கிறது.

விதிப்படி வேறு வேலை ஓடக்கூடாது.

11:57

காற்றழுத்த முள் கால் பங்கில். அவர் கைகூப்பி நிற்கிறார்.

11:58

ரெபேக்காளின் குரல்செய்தி: "உலகம்மா, கேட்டேன். எல்லாரும் கேட்டாங்க. போதும் தாயி. அவன் பாவத்த அவன் சுமக்கட்டும், நீ சுமக்காத. தொறந்துவிட்டுரு."

அக்கா சொல்வது சரிதான். எனக்குத் தெரிகிறது. விரல் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது.

11:59

அணைந்துவிட்டது.

12:00

எழுப்பும் பொத்தானை அழுத்திவிட்டேன். 12:40க்கு எழும். அவருக்கு இன்னும் பத்து நிமிடம்.

அன்று கம்பியும் சுத்தியலும் எடுத்தேன். இரண்டும் காலடியில்தான் கிடக்கின்றன. நாற்காலியைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. எழுத்தைப் பாருங்கள், எவ்வளவு நேராக இருக்கிறது.