செர்வாவின் கிரீம் டப்பா

மார்ச் 3, செவ்வாய்

ஐம்பத்திரண்டு வயதில் திருடிவிட்டேன். பெண்டாட்டியின் கிரீமை. அலமாரியில் அவள் துணிகளுக்கு அடியில் கிடந்தது. மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித் தாளைக் கிழித்து, ஒரு விரல் எடுத்துத் தாடையில் தடவிக்கொண்டேன்.

வெளுப்பாக்கும் கிரீம்! என் செர்வாவா இப்படி? கானாவின் இந்தக் குமாசி நகர் முழுக்கச் சாவுச் சடங்குகளில் மைக் பிடித்து, "முகம் பகல், முழங்கை ராத்திரி" என்று வெளுத்துக்கொள்ளும் பெண்களைக் கிண்டலடித்துப் பிழைப்பவன் நான். என் வீட்டிலேயே ஒருத்தி!

ஆனாலும் தடவினேன். சவரம் செய்த இடமெல்லாம் மிளகு மிளகாகக் கொப்புளம். முடி வெட்டும் அல்ஹாசன்தான் சொன்னான்: "வெளுப்பு கிரீம் போட்டா அமுங்கிடும் பெரியவரே. எங்கிட்ட வர்ற பாதிப் பேர் போடுறாங்க, வெளிய சொல்லமாட்டாங்க."

மார்ச் 10

அமுங்கிவிட்டது! தாடை கத்தரிக்காய் மாதிரி வழவழ.

ஏப்ரல் 8

ஐயோ, கண்ணாடி.

வாயைச் சுற்றி வெளிறிக் கிடக்கிறது. கஞ்சி குடித்துவிட்டுத் துடைக்காத குழந்தை மாதிரி.

"அக்கியா அப்பா, வாயைத் துடைங்க" என்றாள் செர்வா, மகள் பேரை வைத்து என்னைக் கூப்பிடும் வழக்கப்படி.

"துடைச்சாச்சு."

"இன்னும் இருக்கே!"

இருபத்தைந்தாம் தேதி பெரிய சடங்கு, ஆயிரம் பேர். இத்தனை நாள் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். இனி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் எவன் கூப்பிடுவான்? பிழைப்பு போச்சு.

ஏப்ரல் 9

படை என்றார் மருந்துக் கடைக்காரர். சாபம் என்றார் சபைப் பாஸ்டர். தோல் டாக்டர் எங்கே என்று கேட்கவே வெட்கம். கடைசியில் அல்ஹாசனே காதோடு சொன்னான்: பெரிய ஆஸ்பத்திரி, வியாழன் மட்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

டாக்டருக்கு என் மகள் வயசுதான்.

"என்ன தடவினீங்க?"

"தண்ணி."

"அந்தத் தண்ணிக்குப் பேர் என்ன?"

டப்பாவை எடுத்து வைத்தேன். அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "ஸ்டீராய்டு. கொப்புளத்தை அமுக்கும், நிறத்தையும் தின்னும், தோலைக் காகிதமாக்கும்."

"அப்ப கொப்புளம்?"

"சுருட்டை முடி. ஒட்ட வழிச்சா வளைஞ்சு தோலுக்குள்ளயே குத்தும். தாடி விடுங்க ஐயா. நிறம் திரும்பும், மாசக்கணக்காகும்."

தாடி! அவ்வளவுதானா? இதற்கா இந்தப் பாடு?

ஏப்ரல் 25, சனி

அரைத் தாடி. நடுவே வெளிறிய தோல் பல்லிளிக்கிறது. வேறு வழி? மைக்கை வாங்கி நானே ஆரம்பித்தேன்: "முழங்கை ராத்திரி, வாய் மட்டும் விடியற்காலை! பெண்டாட்டி கிரீமைத் திருடினவன் கதியைப் பாருங்க!"

கறுப்புத் துணி போர்த்திய கூட்டம் குலுங்கியது. செத்தவரின் மனைவிகூடச் சிரித்தார். அங்கேயே இரண்டு வீட்டார் அடுத்த சடங்குக்குக் கூப்பிட்டார்கள்.

செர்வா சிரிக்கவில்லை.

ஏப்ரல் 26

"எந்தக் கிரீம்?" என்று காலையில் கேட்டாள். காட்டினேன். கையில் வாங்கிப் புரட்டினாள்.

"இது போன வருஷம் கல்யாண நாளுக்கு நீங்க வாங்கிட்டு வந்தது. கொஞ்சம் வெளுத்தா இன்னும் அழகா இருப்பேன்னு சொன்னீங்க."

நானா?

நான்தான். சுத்தமாக மறந்து போயிருக்கிறேன்.

டப்பாவின் வெள்ளித் தாளை முதன்முதலில் கிழித்தது என் விரல்.