தூரத்துக் கல்லூரி

என் அருமை வாலுக்கு,

நேற்று சாப்பிடும்போது, "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எந்தக் காலேஜ் கிடைக்கும்னு சொல்றீங்களே, எனக்கும் சொல்லுங்கப்பா" என்றாய். பக்கத்துத் தெருக் கல்லூரி நிச்சயம் என்றேன். ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய அந்தப் பெரிய கல்லூரி கஷ்டம் என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எங்கள் ஆலோசனை மையத்தில் சொந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை யாரும் மதிப்பிடுவதில்லை. பெயரை மறைத்துப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவோம். அந்தப் பெரிய கல்லூரிக்கான உன் விண்ணப்பத்தை இன்று தள்ளினேன். அங்கிருக்கும் மேடம் அதில் நீ எழுதியிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தார்.

"இந்தப் பொண்ணுக்குக் கிடைக்கலன்னா வேற யாருக்கு சார் கிடைக்கும்?"

கஷ்டம் என்று ஒருவர் சொன்னாராம் என்றேன்.

"அவருக்குக் கண்ணு தெரியலையா?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அம்மா இருந்திருந்தால் நேற்றே என் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்திருப்பாள்.

எனக்குச் சமைக்கத் தெரியும். மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்வேன். நீ அதையெல்லாம் யோசிக்காதே.

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து, உன் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு சக்கரம் மட்டும் நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
அப்பா