சாக்கெட்டைக் கழற்றடி

பெங்களூரு,
3 ஜூன் 2024

அன்புள்ள செல்வா,

நீயும் சிவப்பிரகாஷ் அண்ணனும் பாப்பாவும் சுகமா? கொழிஞ்சாம்பாறையில் மழை தலைகாட்டியதா? எங்கள் சூரியநெல்லியில் ஊற்றுகிறதாம். அப்பா தேயிலை ஃபேக்டரியிலிருந்து தினமும் நனைந்துகொண்டே வருகிறார் என்று அம்மா புலம்பல்.

போனில் கேட்டால் "சரி, பார்க்கலாம்" என்று மழுப்பிவிடுவாய். அதனால்தான் கல்லூரி விடுமுறைகளில் எழுதிக்கொண்டதுபோல் பேனாவை எடுத்தேன். எங்கள் குழுவில் ஓர் இடம் காலி, விண்ணப்பம் போடு என்றேன். "கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆச்சு, எல்லாம் மறந்துபோச்சு" என்று போனை வைத்துவிட்டாய். அப்படியே விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? அடி போடி!

ஆனால் இப்போது அந்த இடத்துக்கே ஆபத்து. ஸ்கேன் இயந்திரங்களுக்காக நான் வடிவமைத்த ஆம்ப்ளிஃபையர் சிப் வந்துவிட்டது. இத்தனை வருஷம் அடுத்தவர் வடிவமைத்ததைச் சோதித்தேன், திருத்தினேன். இது முழுக்க என்னுடையது. கண் இமைப்பதற்குள் கோடிமுறை மாறும் சிக்னலை அப்படியே பெரிதாக்கித் தரவேண்டும். தருகிறது, தந்துவிட்டு நிற்காமல் நடுங்குகிறது. ஒரே எட்டில் ஏறி அமைதியாக நிற்கவேண்டிய கோடு, திரையில் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் ஆடுகிறது. வந்திருப்பது சில சிப்கள்தான். போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் கெட்டுவிடுமே என்று சாக்கெட்டில் பத்திரமாகச் செருகித்தான் சோதிக்கிறோம். சர்க்யூட்டைத் துருவித் துருவிப் பார்த்தும் தப்பு அகப்படவில்லை. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்களாம். உனக்காக நான் பிடித்து வைத்திருக்கும் நாற்காலியும் போய்விடும்.

அப்பாவிடம் அழுதேன். "ஏத்தா, மெஷினுன்னா மக்கர் பண்ணத்தான் செய்யும். மொதல்ல சோத்தத் தின்னுட்டு அதுகிட்டப் போ" என்றார். தின்றேன், போனேன். இன்னும் ஆடுகிறது.

உன்
முருகேஸ்வரி


கொழிஞ்சாம்பாறை,
8 ஜூன் 2024

என் அழுகுணி முருகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கொடுக்கும்போது என் மாமியார் முத்தாத்தாள் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "ஏம்மிணி, எங்கிருந்து காயிதம்? பேங்க் நோட்டீசா?" என்று அங்கிருந்தே சத்தம். உன் பேரைச் சொன்னதும், "அந்த மலைக்காரப் புள்ளயா? நல்லா இருக்குதா?" என்றார். அழுகிறாள் என்று சொல்லவில்லை.

மூன்றாம் வருஷ லேப் உனக்கு ஞாபகமில்லையா? நம் ஆம்ப்ளிஃபையரும் இப்படித்தான் ஆடியது. சிப் கருகிவிடும் என்று பயந்து நீ அதைச் சாக்கெட்டில் வைத்திருந்தாய். நான் சாக்கெட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு சிப்பை நேராக போர்டிலேயே ஈயம் வைத்து சால்டர் செய்தேன். ஆட்டம் நின்றது. சாக்கெட்டின் கால் நம் கண்ணுக்குத்தான் குட்டி. உன் சிக்னல் ஓடுகிற ஓட்டத்துக்கு அது நெடுந்தூரம், அங்கேதான் தடுமாறுகிறதோ என்னவோ. முதலில் அதைக் கழற்றடி! ஒன்றிரண்டு சிப் கருகினால் கருகட்டும்.

இதெல்லாம் பழைய சரக்கு. தப்பாக இருந்தால் சிரிக்காதே.

நாற்காலி பேச்சு மட்டும் வேண்டாம். என்னை யாரும் தடுக்கவில்லை. ஊட்டுக்காரர் "போய்ப் பாரு செல்வி" என்றுதான் சொல்கிறார். பயப்படுவது நான்தான். பி.டெக் என்பதைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டதோடு சரி. அங்கே வந்து திருதிருவென்று முழித்தால், படிக்கிற காலத்தில் கெட்டிக்காரி என்று எடுத்த பேரும் போய்விடும். எனக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் முருகி.

உன்
செல்வா


பெங்களூரு,
14 ஜூன் 2024

என் தெய்வமே, செல்வா!

கழற்றினேன். முதல் சிப்பைக் கருக்கித் தொலைத்தேன். அடுத்தது ஒழுங்காக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன். கோடு ஏறியது, நின்றது. அசையவே இல்லை! லேபிலேயே உட்கார்ந்து அழுதேன். நாங்கள் எல்லாரும் சிப்புக்குள்ளேயே குற்றம் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். அது பாவம், ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.

எங்கள் தலைவர் சுவக்கீன் சார், "இதை யார் சொன்னது?" என்று கேட்டார். "இந்த வேலைக்கு முதலில் நீங்கள் தேர்ந்தெடுத்த பெண்" என்றேன்.

உண்மைதானே? கல்லூரிக்கு வந்து அவர்கள் எடுத்தது உன்னை. கல்யாணம் நிச்சயமானதும் நீயே அவர்களைக் கூப்பிட்டு, "எனக்குப் பதிலா முருகேஸ்வரிய எடுத்துக்கோங்க, அவளுக்கு என்னைவிடப் பொறுமை ஜாஸ்திங்க" என்று சொன்னாய். நான் உட்கார்ந்திருப்பது நீ தந்த இடம். எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு அப்பாவும் அம்மாவும் சொந்த வீட்டுக்குக் குடிபோன அன்று உன்னைத்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்: நன்றியடி, ரொம்ப நன்றி.

குழு பிழைத்தது, நாற்காலியும் பிழைத்தது. சுவக்கீன் சார் உன்னை 28ஆம் தேதி, வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொல்கிறார். சலுகை எதுவும் கிடையாது. ஒரு போர்டைக் கொடுத்து உன் கையால் செய்து காட்டச் சொல்வார். வருவாயா?

உன்
முருகேஸ்வரி


கொழிஞ்சாம்பாறை,
20 ஜூன் 2024

அன்புள்ள முருகிக்கு,

நீ நன்றி சொன்ன பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷத்தில் உன்மேல் பொறாமையே வந்ததில்லை என்றால் அது பொய். உன் போன் வரும்போதெல்லாம் சந்தோஷமும் வரும், கூடவே நெஞ்சில் ஒரு சுருக்கும் வரும். நான் சொன்னதைக் கேட்டு அந்தக் கோடு நின்றது என்று படித்தேன் பார், அந்தச் சுருக் எங்கேயோ போய்விட்டது. நன்றி சொல்லவேண்டியவள் நான்தானடி.

அத்தையிடம், "பெங்களூர் போய்ட்டு வரட்டுங்களா?" என்று கேட்டேன். "போ அம்மிணி. பாப்பாவ நான் பாத்துக்கறேன். வேல கெடச்சா என்ன பண்றதுன்னு இப்பவே ரோசன பண்ணி மண்டைய ஒடச்சுக்காத" என்றார். ஊட்டுக்காரர் பாலக்காட்டிலிருந்து ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டார். அப்போதும் எனக்கு மனசு ஒருநிலையில் இல்லை.

நேற்றுப் பரணில் ஏறி என் பழைய சால்டரிங் அயர்னைத் தேடி எடுத்தேன். நுனி கறுத்துக் கிடந்தது. பாப்பாவின் பொம்மைக் காரில் ஒயர் அறுந்து பல நாளாயிற்று. அதில் வைத்துப் பார்த்தேன். ஈயம் ஒட்டவே இல்லை, உருண்டு உருண்டு விழுந்தது. அவ்வளவுதான், நான் வரவில்லை என்று உனக்கு எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, நன்றாகச் சூடேற்றி, மறுபடி வைத்தேன். பிடித்துக்கொண்டது.

கார் வீடு முழுக்க ஓடுகிறது. பாப்பா அதன் பின்னாலேயே ஓடுகிறாள். வெள்ளிக்கிழமை வருகிறேன்.

இப்படிக்கு,
செல்வப்பிரியா, பி.டெக்.