திரைக்கு இந்தப் பக்கம் நான் கேட்டது

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு அதுதான் தினமும் நினைப்பு. நான் இன்னும் ஆடிப்போய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கழுத்து வலிக்கு பிசியோதெரபி போகப்போகிறேன் என்றாயே, அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

போன வாரம் அம்மாவின் முழங்கால் வலிக்காகத் தனியாக கிளினிக் நடத்தும் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் போனோம். போனதும் காலைப் பிடித்து நீவிவிடுவார்கள் என்று நினைத்தேன், அதெல்லாம் இல்லை, முதல் நாள் முக்கால்வாசி நேரம் கேள்விதான். என்ன மாத்திரை, எப்படித் தூக்கம், எத்தனை மணி நேரம் தையல் மிஷினில் உட்காருகிறீர்கள் என்று விடாமல் கேட்டது அந்தப் பெண். எல்லாவற்றுக்கும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன், உனக்குத்தான் என்னைத் தெரியுமே. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சார் நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, அம்மாவே சொல்லட்டும் என்று திரையை இழுத்துவிட்டது. சுவர் இல்லை, வெறும் துணிதானே, எல்லாம் காதில் விழுந்தது. எப்பவாவது கீழ விழுந்திருக்கீங்களாம்மா என்று கேட்டதும் உன் அம்மா, ஆமாம்மா, குளியலறையில ஒரு தடவை, பின்பக்கப் படியில ஒரு தடவை, அப்புறம் அடுப்புப் பக்கத்துலயே என்கிறாள். முழங்கையில் நீலம் பாய்ந்திருந்ததைக் கேட்டபோது கதவில் இடித்துக்கொண்டேன் என்றவள் இவள். அதோடு போயிற்றா, இங்க வந்து என்ன சரியாகணும்னு நினைக்கிறீங்க என்று அந்தப் பெண் கேட்டதற்கு, விழாம இருந்தா நல்லதுதான், ஆனா விழுந்தாலும் அவர் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள நானே எழுந்துக்கணும், அது போதும்மா என்றாள். நான் உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நின்றதும் சட்டென்று இறங்குகிறது. அதனால் வரும் கிறுகிறுப்பாக இருக்கலாம், முதல்ல டாக்டரைப் பாருங்க, பயிற்சி அப்புறம் என்று அனுப்பிவிட்டது அந்தப் பெண். டாக்டர் பிரஷர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார், கிறுகிறுப்பு இப்போது பரவாயில்லை. அதற்கப்புறம் அந்தப் பெண் சொல்லித்தந்தபடி தினமும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பழகுகிறாள், நான் எதிரில் நிற்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க உடனே அவளுக்குப் போன் போடுவீங்க, அவ வேலையை விட்டுட்டு ஓடி வருவா என்றாள்.

அதனால் நீ போகும்போது தளர்வான உடை போட்டுக்கொள், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு போ, கேட்பதற்கு வெட்கப்படாமல் பதில் சொல், எங்கே தொடப்போகிறீர்கள், எதற்கு என்று நீயும் கேள், வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்காதே. மாப்பிள்ளை வெளியே உட்காரட்டும், ஆனால் உள்ளே சொன்னதை வீட்டில் அவரிடமும் சொல்லிவிடு, திரைக்கு வெளியே கேட்டுத் தெரிந்துகொள்வது கொடுமையடி.

பயந்துகொண்டு டிக்கெட் போடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மாவிடம் போனில் எப்படி இருக்கே என்று கேட்காதே, அதற்கு அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. கடைசியா எப்பம்மா விழுந்தே என்று கேள்.

என்றும் உன்
அப்பா