அக்காவின் இடக்கை

அக்கா,

இன்று காலை உங்கள் இசைக்குழுவின் புதுப் பதிவு என் போனுக்கு வந்தது. மனோர் பார்க் ஸ்டேஷன் படியிலேயே நின்று கேட்டேன். எலக்ட்ரிக் கிற்றாருக்கு அடியில், மேளத் தோலில் விழும் அந்த ஆழ்ந்த அடி. உங்கள் இடக்கை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. "நல்லாயிருக்கு" என்று பதில் போட்டேன். வேறென்ன எழுதுவது?

ஐம்பத்திரண்டு வயதில் கொரிய மேளம் பழகப் போவதாகச் சொன்னபோது நான் சிரித்தேன். "எங்கடை மேளம் இருக்க உதென்னத்துக்கு?"

"அங்கை ஒருத்தரும் ஏன் கலியாணம் கட்டேல்லையெண்டு என்னைக் கேக்கமாட்டினம், தம்பி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே காரில் கொண்டுபோய் விட்டேன். நாலு பழைய கொரிய வாத்தியங்களோடு கிற்றாரும் லாப்டொப்பும் சேர்த்து வாசிக்கிற குழு. பெரிய உடுக்கை போன்ற ஜாங்கு உங்களுடையது. வலக்கையில் மெல்லிய மூங்கில் குச்சி, இடக்கையில் உருண்டைத் தலைத் தடி. குழுவை நடத்திய கொரியப் பெண், முதலில் மூச்சு, பிறகுதான் அடி என்பாளாம்.

ஒரு சனிக்கிழமை தடி கையிலிருந்து நழுவியது. அடுத்த கிழமையும் நழுவியது. நரம்பு வருத்தம், மாற்ற மருந்தில்லை என்றார் டொக்டர். வேறு ஆளிடம் போவோம் என்று நான் கத்தினேன். நீங்கள்தான் என்னைச் சமாதானப்படுத்தினீர்கள்.

அந்தக் கை முற்றாக ஓயுமுன் அந்தப் பெண் உங்கள் அடிகளைப் பதிந்து லாப்டொப்பில் ஏற்றினாள். மேடையில் நீங்கள் வலக்கையால் வாசித்தீர்கள். இடக்கை ஸ்பீக்கரில் வந்தது. "என்ரை கை என்னை விட்டிட்டு வாசிக்குதடா" என்று சிரித்தீர்கள். நான் பைக்குள் கார்த் திறப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். பிறகு வலக்கையும் போனது.

கடைசியில் பேச்சும் நின்றுவிட்டது. ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பார்த்தீர்கள், பிறகு என் கையைப் பார்த்தீர்கள். தட்டச் சொல்கிறீர்கள் என்று விளங்கியது. நாலு வருசம் மண்டப வாசலில் நின்று கேட்ட தாளம். ஒரு வரிசைகூட எனக்கு நினைவில் வரவில்லை. ஏதோ தட்டினேன். தாளம் பிழைத்தது.

"எனக்கு ஏலாதக்கா."

நீங்கள் மறுபடியும் கம்பியைப் பார்த்தீர்கள். மறுபடியும் தட்டினேன், எனக்கு வந்தபடி. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

பிடித்து மூடினீர்களா, பொறுக்கமுடியாமல் மூடினீர்களா? அன்று கேட்டிருந்தாலும் உங்களால் சொல்லியிருக்க முடியாது. நான் தட்டுவதை நிறுத்தவில்லை. நேர்ஸ் வந்து என் தோளைத் தொடும்வரை, பிழையாகவே தட்டிக்கொண்டிருந்தேன்.