பதினேழாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்

மதி,

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் முதலில் சாப்பிடு. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல். தண்ணீர் கேன்காரரை சாயந்திரம் நான் வந்த பிறகு வரச் சொல்லிவிட்டேன், பெல் அடித்து உன்னை எழுப்ப மாட்டார்.

நேற்று நான் பேசியது தப்பு. கோடையில் மனசு லேசாகப் படிக்கலாம் என்று வாரப் பத்திரிகையில் போட்டிருந்த புத்தகத்தை, ஆவடி நூலகத்தில் உனக்காகத் தேடி எடுத்து வந்தேன். தினமும் நான் கம்பெனியிலிருந்து வரும்போது, அதை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாய். எழுப்பாமல் எடுத்து, விரிந்திருந்த இடத்தில் என் பஸ் டிக்கெட்டை வைத்து மூடுவேன். பத்து நாளாகியும் டிக்கெட் பதினேழாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அதைத்தான் கேட்டேன். "வார்டுல ராத்திரி பூரா சார்ட்டு பாத்துகினு வர்றேன். ஊட்லயும் இன்னா படிப்பு?" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் டியூட்டிக்குப் போய்விட்டாய்.

நீ போன பிறகு நான் எடுத்துப் படித்தேன். பதினேழாம் பக்கத்தில் ஒருத்தி மொட்டை மாடியில் பாய் விரித்துக் காற்று வாங்குகிறாள், வேறொன்றும் நடக்கவில்லை. எனக்கும் அங்கேயே தூக்கம் வந்துவிட்டது.

நீ தூங்கு. டிக்கெட் அங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. பதினெட்டாம் பக்கத்தை நீ வாசி, நான் கேட்கிறேன்.

ஜெகதீசன்

துணி துவைத்தால் தலையணை உறையை மட்டும் போடாதே. நீ இல்லாத நேரத்தில் உன் தலையெண்ணெய் வாசம் அதில்தான் இருக்கிறது.