மஞ்சள் களிம்பு

இன்று காலை அந்தக் களிம்பு டியூபைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டில், எமரித் தாளுக்கும் பழைய பிரேக் கேபிளுக்கும் நடுவில் கிடந்தது. நீ போன பிறகு நான் அதைத் தொடவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. மூடியைத் திருகியதும் அந்த மருந்து வாசனை அப்படியே முகத்தில் வந்து அடித்தது.

என் பஞ்சர் கடைக்கு வெளியே ஒரு புது ஜோடி நின்றுகொண்டிருந்தது. ராசிபுரத்திலிருந்து மலை பார்க்க வந்தவர்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து அந்தப் பெண் வண்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து வந்திருக்கிறாள். இறங்கும்போது கெண்டைக்காலில் சைலன்சர் சுட்டுவிட்டது. "அண்ணா, தீக்காயத்துக்கு ஏதாச்சும் மருந்து வெச்சிருக்கீங்களா?" என்று அவள் புருஷன் கேட்டான். டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதையே முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, காலையிலேயே குடித்திருக்கிறான் என்று நினைத்திருப்பான்.

இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்.

நீயும் அப்படித்தான் இந்த மலைக்கு ஏறி வந்தாய், என் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. கல்யாணமாகி நாலாவது மாதம் உனக்குச் செவிலியர் வேலைக்கு ஆர்டர் வந்தது, திண்ணனூர் நாடு என்று சொல்லும் இந்த மலைக் கிராமங்களுக்கு. நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் மேஸ்திரி ஆகியிருப்பேன். "பொண்டாட்டி சேலையப் புடிச்சுக்கிட்டு மலையேறறான் பாரு" என்று பட்டறையில் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் அது முள்ளாகத்தான் தைத்திருந்தது.

வந்தது ஆடி மாதம். மிளகுத் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது. பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கூரை போட்டுப் பஞ்சர் கடை வைத்தேன். மழை என்றால் அப்படி ஒரு மழை. ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்துவிடும். துணி காய்வதே இல்லை. உன் வேலைச் சேலையை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பாய். புகை வாசனையோடு வேலைக்குப் போவாய். "பிரசவம் பாக்கப் போறியா, பலகாரம் சுடப் போறியா?" என்று கேட்பேன். "ரெண்டும் ஒண்ணுதானுங்க, பதம் பாத்துத்தான் எடுக்கோணும்" என்பாய்.

காலையில் தார் ரோடு முடியும் இடம் வரை உன்னை வண்டியில் கொண்டுபோய் விடுவேன். அதற்கப்புறம் உனக்கு ஒற்றையடிப் பாதைதான். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாமைக் காட்டு வரப்பிலும் புதருக்குள்ளும் நடந்து ஊர் ஊராகப் போவாய். சாயங்காலம் அதே இடத்தில் காத்திருந்து கூட்டி வருவேன். வந்த முதல் மாதமே உன் வலது காலில் சைலன்சர் சுட்டது. நீ போட்ட சத்தத்தில் எதிர்த் தோட்டத்தில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா ஓடி வந்துவிட்டார். அன்றைக்கு வாங்கியதுதான் இந்த மஞ்சள் களிம்பு. நான் தடவிவிட்டு ஊதினேன். "ஊதாதீங்க சாமி, எச்சில் தெறிக்குது" என்று அந்த எரிச்சலிலும் சிரித்தாய்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் ஊராகக் கூட்டம் கூட்டி உண்ணிக் காய்ச்சலைப் பற்றிப் பேசச் சொல்லி உனக்கு உத்தரவு வந்தது. ஊசி போடப் பயமில்லாத உனக்கு நாலு பேர் முன்னால் பேசப் பயம். அதனால் தினமும் சாயங்காலம் அடுப்படியில் நின்று, கையில் கரண்டியோடு, என்னையே ஊர்ச்சனமாக வைத்துப் பேசிப் பழகினாய். நான் பழைய பேப்பரை விரித்துக் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு "ம்", "ம்" என்பேன்.

"ஏனுங்க, நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பாக்கலாம்."

"பூச்சி கடிச்சாக் காய்ச்சல் வரும்னு சொன்னே."

"அவ்வளவுதானா?"

உன் முகம் சுருங்கியது தெரிந்தது. தெரிந்தும் நான் கார்புரேட்டர் ஜெட்டின் துளையை ஊதிக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள், கடையில் வேலையே இல்லாத ஒரு மழை நாளில், அந்த முள் வாய் வழியாக வெளியே வந்துவிட்டது. "உன் வேலைக்காக என் வேலைய உட்டுட்டு வந்து இங்க பஞ்சர் ஒட்டிட்டிருக்கறேன். இனி உன் வேலைய நான் பாடமா வேற கேக்கோணுமா?" என்றேன். கொள்ளு ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாய். அதற்காக நீ பேசிப் பழகுவதை நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து சுவரைப் பார்த்துப் பேசினாய்.

ஆனால் எல்லா நாளும் அப்படி இல்லை. புரட்டாசி வந்ததும் நம் இருவருக்குமே மலை பிடித்துப்போக ஆரம்பித்தது. தள்ளியிருக்கும் குண்டனி நாட்டு ஊர்களிலிருந்துகூட வண்டி ரிப்பேருக்கு என்னைத் தேடி வந்தார்கள். வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் கொட்டகை போட இடம் தருகிறேன் என்றார். தை பிறந்ததும் வெல்டிங் மிஷின் இறக்கிவிடலாம் என்று பேசினோம். கடைக்குப் போர்டு எப்படி எழுதுவது என்று உன் தடுப்பூசி நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாய். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிப் போய் எனக்கு ஒரு கம்பளியும் உனக்கு ஒரு குடையும் வாங்கி வந்தோம். நாம் ஒரு குடும்பம் என்று எனக்கே உறைத்தது அந்த நாட்களில்தான்.

அதே புரட்டாசியில் வீட்டுக்கார அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. உன் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த அவர் புருஷன், நீ சொன்னபடியே அந்த அம்மாவின் உடம்பைத் தேடிப் பார்த்திருக்கிறார். காதுக்குப் பின்னால், பூச்சி கடித்த இடத்தில் புண் காய்ந்து கருப்பாக ஒரு பொக்கு, பீடி சுட்ட மாதிரி. உடனே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் அந்த அம்மா தோட்டத்தில் நின்றார். தேடிக் கண்டுபிடித்த அவர் புருஷனுக்கோ கண் அரைகுறையாகத்தான் தெரியும். நீ குதித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாய். நான் பிரேக் கேபிள் மாட்டிக்கொண்டே "ம்" என்றேன்.

ஐப்பசியில் நீ நனைந்து வந்த ஒரு நாள் உடம்பு சுட்டது. மழைக் காய்ச்சல் என்றாய். மாத்திரை போட்டுக்கொண்டு புதன்கிழமை தடுப்பூசிக்குப் போனாய். வியாழன், வெள்ளியும் போனாய். "ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணேங்கறது செரியாத்தான் இருக்குது" என்று கிண்டல் செய்தேன். ஞாயிறு காலை உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் உளைகிறது என்று குப்புறப் படுத்தாய். நான் உட்கார்ந்து அமுக்கிவிட்டேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். வலது காலில், கெண்டைச் சதைக்கு மேலே, முட்டி மடிகிற இடத்தில். கருப்பாக, வட்டமாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"இங்க வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்களே. என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல சாமி, மறுக்கா சைலன்சர் சுட்டிருக்குது. காய்ச்சல்ல உனக்குத் தெரியல."

அவ்வளவுதான் நான் சொன்னது. பதினேழு வயதிலிருந்து கையிலும் மார்பிலும் வெல்டிங் பொறி தெறித்து வாழ்ந்தவன் நான். தீக்காயம் பார்த்தால் எத்தனை நாளானது என்று சொல்வேன். கடைக்கு வாரத்துக்கு ஒருத்தராவது சைலன்சர் சுட்டுக்கொண்டு வருவார்கள். எனக்குத் தெரிந்த கருப்பு அது ஒன்றுதான். சுட்ட காயம் வலிக்காமல் இருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எழுந்து போய் மஞ்சள் களிம்பை எடுத்து வந்து, அந்தக் கருப்பு மறைகிற அளவுக்குத் தடவினேன். நீ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஊதலீங்களா?" என்று கேட்டாய். ஊதினேன்.

செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போனோம். உன்னோடு வேலை பார்க்கும் டாக்டர்தான். ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பச் சொன்னார். "உடம்புல எங்கயாவது கருப்பாப் புண் இருக்கா? நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை உங்களுக்கு" என்றார். "இல்லீங்க சார், இவரு பாத்துட்டாரு. சைலன்சர் சுட்டதுதான் ஒண்ணு இருக்குது" என்று நீயே சொன்னாய். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன். உன்னைப் பரிசோதிக்க இந்த மலையிலேயே உன்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் உன் முட்டிக்குப் பின்னால் இருப்பதை உன்னால் பார்க்க முடியாது. பார்க்க நான் இருந்தேன்.

வியாழன் காலை உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. பாதி மலையில், "மெதுவாப் போகச் சொல்லுங்க, எதுக்கால பஸ்சு வரும்" என்றாய். அதற்குப் பிறகு நீ முழுதாகப் பேசிய வார்த்தை எனக்கு நினைவில் இல்லை.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா உன்னைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். காலைத் திருப்பியவர் அந்த மஞ்சளைப் பார்த்து நின்றார். பஞ்சில் மருந்து நனைத்து மெல்லத் துடைத்தார். களிம்பு போகப் போக அந்தக் கருப்பு பளிச்சென்று தெரிந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"சைலன்சர் சுட்டதுங்க மேடம்" என்றேன். அப்போதும் அதையே சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நர்ஸிடம் மருந்துப் பேரைச் சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது உன் மூக்கிலும் வாயிலும் மாஸ்க் இருந்தது. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். காதில் விழுந்துதான் பார்த்தாயா, சும்மா பார்த்தாயா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. வேறு எதை வேண்டுமானாலும் மறந்துவிடுவேன் போலிருக்கிறது, அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை. சனிக்கிழமை காலையில் நீ போய்விட்டாய்.

மலையிலிருந்து ஜீப் ஜீப்பாக வந்திறங்கினார்கள். நீ ஊசி போட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். வீட்டுக்கார அம்மா உன் காலடியில் உட்கார்ந்து, "நீ சொன்ன வாக்கு என்னையக் காப்பாத்துச்சே சாமி, உன்னையக் காப்பாத்தலையே" என்று அழுதார். அவர் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை நான் விலக்கிக்கொண்டேன். அவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை, இன்றுவரை முடியவில்லை.

பட்டறைக்குத் திரும்பி வரச் சொல்லி முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். உன் அம்மாகூட, "கீழ வந்துருங்க மாப்ள, தனியாக் கெடந்து என்ன பண்றீங்க?" என்று போனில் அழுதார். நான் போகவில்லை. வெல்டிங் மிஷினும் வாங்கவில்லை. பஞ்சர் ஒட்டுகிறேன், சமைக்கிறேன், துணியை அடுப்புக்கு மேலே காயவைக்கிறேன்.

இன்றைக்கு வந்த அந்தப் பெண்ணின் காலைக் குனிந்து பார்த்தேன். செக்கச்செவேலென்று சிவந்து கொப்புளம் எழும்பியிருந்தது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "பயங்கரமா எரியுதுங்கண்ணா" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. டியூபை அவள் புருஷன் கையில் கொடுத்து, "நீங்களே போட்டு உடுங்க" என்றேன். அவன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, களிம்பைத் தடவி, ஊதினான்.

அதற்கப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை. என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. "இந்த மலையில பொதருக்குள்ள போனீங்கன்னா, ஊட்டுக்குப் போயி ஒருத்தர் ஒடம்ப ஒருத்தர் பாக்கோணுமுங்க. கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிக்கும். பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வரும். அக்குள், காதுக்குப் பின்னால, தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்னால, நாம பாக்க முடியாத எடமாத்தான் இருக்கும். பீடி சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொக்கு. வலிக்காது. வலிக்காததுனாலதான் நாம ஏமாந்து போறோம். சிரிக்காதீங்க அக்கா, நெசந்தானுங்க."

அங்கே யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலைப் பெண்கள் சிரிப்பார்களோ என்று பயந்து, அடுப்படியில் பழகிய பேச்சில் நீ முன்கூட்டியே சேர்த்துக்கொண்ட வார்த்தை அது. நீ மூச்சு விட்ட இடத்தில் நானும் மூச்சு விட்டிருக்கிறேன். கையில் கரண்டிக்குப் பதில் ஸ்பேனர், அவ்வளவுதான்.

நான் கேட்கவே இல்லை என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். கேட்காதவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லித்தான் ராத்திரிகளைத் தள்ளினேன். ஆனால் இன்றைக்கு என் வாயில் ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. நீ சுவரைப் பார்த்துச் சொன்னதெல்லாம்கூட என் காதில் விழுந்து உள்ளேயே இருந்திருக்கிறது. அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு, வலிக்குதா என்று கேட்டு, நீ இல்லை என்று சொன்ன பிறகு, உன் காலில் நான் களிம்பு தடவியிருக்கிறேன்.